இரண்டாவது துண்டு

இன்னொரு துண்டு கிடையாது. நெல்லையப்பரே இறங்கி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாலும் கிடையாது என்று ஆவுடையம்மாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னது போதாதென்று பெருங்காய டப்பாவை மடியில் வைத்து, அதன்மேல் முந்தானையைப் போட்டு, முந்தானையின்மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டாள், டப்பாவுக்குக் கால் முளைத்து ஓடிவிடும் போல. உள்ளே மூன்று துண்டு. நாலாவது துண்டு எதிரே சாய்வு நாற்காலியில் கம்பளிக்குள் புதைந்து கிடக்கிற புருஷன் பூதலிங்கம் பிள்ளையின் வயிற்றுக்குள் இப்போதுதான் போயிருக்கிறது. போனது சும்மா மிட்டாய் இல்லை, கஞ்சா மிட்டாய். அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னதில்லை, சொன்னால் திருநெல்வேலி ஜங்ஷன் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இந்த டொரண்டோவுக்கே ஜீப் கிளம்பி வந்துவிடும் என்று ஒரு பயம். அவளுக்கு அது "அந்த மிட்டாய்". இந்த ஊரில் அதற்குக் கடையே இருக்கிறதாம், நகைக்கடை மாதிரி விளக்குப் போட்டு, வயசைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம். மகள் வடிவு நேற்று ஆபீஸ் விட்டு வருகிற வழியில் வாங்கிவந்து மேஜையில் வைத்தபோது ஆவுடையம்மாள் முதல் காரியமாக ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அத்தனை உயர மாடியில் எட்டிப் பார்க்கப் பனியைத் தவிர வேறு ஆள் இல்லை, ஆனாலும் இழுத்துவிட்டாள். பிள்ளை கடைசியாக வயிறாரச் சாப்பிட்டு எத்தனை நாள் என்று எண்ணுவதை அவள் நிறுத்திவிட்டாள். குடலில் வந்த கட்டிக்கு மருந்து ஏற்றுகிறார்கள். அது கட்டியைத் தின்கிறதோ இல்லையோ, ஆளைத் தின்கிறது. சோறு என்ற பேச்சைக் கேட்டாலே ஓங்கரிப்பு. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் எடை போடுவார்கள், இன்னும் இறங்கியிருந்தால் அடுத்த மருந்தை நிறுத்திவைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியாயிற்று. நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. சில கேள்விக்குப் பதில் தெரிந்தே இருக்கும். அதனால் அவளுக்கு வேண்டியது உலகத்தில் ஒன்றே ஒன்று: இந்த மனுஷர் ஒரு வாய் சோறு கேட்க வேண்டும். குமட்டலை அடக்கிப் பசியைக் கிளப்பும், ஆனால் பதனமாகக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் இந்த மிட்டாயைச் சொன்னார், மற்ற மாத்திரைகளோடு சண்டை போடுமா என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அளவு சொன்னது நர்ஸ் லிசம்மா, கோட்டயத்துக்காரி. ஒரு மிட்டாயில் பத்து மில்லிகிராம். முதல் தடவை தின்கிறவருக்கு அதில் கால் பங்குக்கு மேலே போகக்கூடாது. "கொறச்சு மதி சேச்சி, கொஞ்சம் போதும். இனியும் கொறச்சா இனியும் நல்லது. அப்புறம் ரெண்டு மணி நேரம் காத்திருக்கணும். ஒண்ணும் ஆகலையேன்னு இன்னொண்ணு கொடுப்பாங்க பாருங்க, அதாணு எல்லாரும் செய்யற தப்பு."

எல்லாரும் செய்கிற தப்பை ஆவுடையம்மாள் செய்யமாட்டாள். செய்யமாட்டாள் என்று சொல்லிவிடலாம், கை கேட்க வேண்டுமே. அவள் கை அப்படிப்பட்ட கை. கல்யாணமாகி வந்த மறுநாள் மாமனாருக்குத் தட்டில் ஒரு தோசை வைத்துவிட்டு அடுத்ததை ஊற்றத் திரும்பினாள், மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்றைக்கும் வலிக்கிறது: "ஒத்தையாவா வைப்பாக? இது என்ன எழவு வீடா?" அன்றைக்குப் படிந்த பழக்கம். ஒரு தோசை வைத்தால் கூடவே இன்னொரு தோசை, பிய்த்த கால் தோசையாவது. ஒரு கரண்டி சோறு போட்டால் ரெண்டாவது கரண்டியில் நாலு பருக்கையாவது. வேண்டாம் வேண்டாம் என்று இலையைக் கையால் மறைத்தவர்களின் விரலிடுக்கில் சாம்பார் ஊற்றிய கை இது. இன்றைக்கு அந்தக் கையால் இத்துனூண்டு துண்டு ஒன்றை, ஒற்றையாக, வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து நோயாளிக்குக் கொடுத்திருக்கிறாள். கொடுத்த நேரத்திலிருந்து மணிக்கட்டில் மாமியார் பிடித்த இடம் அரிக்கிறது. ஒத்தையாவா வைப்பாக. விடுங்க அத்தை, இது தோசை இல்லை. ஒத்தையாவா. இட்லிக் கொப்பரையை ஆவி வருமுன்னே திறந்து திறந்து பார்க்கிறவளுக்கு இட்லி வேகுமா? இதுவும் வயிற்றுக்குள் போய், கரைந்து, ஈரல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் தலைக்கு ஏறுமாம். புகைக்கிறவனுக்கு விசுக்கென்று ஏறும், தின்கிறவனுக்குப் பாசஞ்சர் வண்டிதான், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று வரும். வண்டியைக் காணோமே என்று இன்னொரு வண்டியை அனுப்பினால் ரெண்டும் சேர்ந்து பிளாட்பாரத்துக்குள் புகும். பக்கத்து ஊர் மிசிசாகாவில் ஒரு பெரியவர் அப்படித்தான் ஒன்று தின்று, ஒன்றும் செய்யவில்லையே என்று இன்னொன்று தின்று, அதுவும் ஏமாற்று என்று மூன்றாவதையும் தின்றாராம். பிறகு மூன்றும் சேர்ந்து வந்தபோது தான் சோபா ஆகிவிட்டதாக நம்பி, வந்தவர் போனவரிடமெல்லாம் "என் மேல உக்காந்துராதீக" என்று அழுதாராம். வடிவு சொன்ன கதையில் சோபா கிடையாது, ஆம்புலன்ஸ் மட்டுந்தான் உண்டு. சோபாவைச் சேர்த்தது பிள்ளைதான். அவர் சேர்க்காமல் எந்தக் கதை இந்த வீட்டைத் தாண்டியிருக்கிறது?

கம்பளிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "ஏளா ஆவுடை." என்ன என்றாள். "ஒண்ணுஞ் செய்யலையே." செய்யாது, பொறுக்கணும் என்றாள். "எலிப் புழுக்கைகூட இதைவிடப் பெருசா இருக்கும். காசியில உருண்டை உருண்டையா முழுங்கினவன்ட்ட வந்து, சவத்தெழவு, ஒரு துண்டைக் கிள்ளி வைக்கா. இன்னொண்ணு எடு." அவள் டப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டு, "காசிக்காரருக்குத்தான் இது பத்தாது. இது முதத்தடவை திங்கவருக்கு உள்ளது," என்றாள். "நான் முதத்தடவையா?" என்று அவர் எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல் சாய்ந்தார். காசிக் கதை அவளுக்குத் தலைகீழாகப் பாடம். பார்சல் வேனோடு காசிக்குப் போனார். படித்துறையில் ஒரு சாமியார் கஞ்சா இலை அரைத்த பாங்கு உருண்டையைக் கையில் வைத்தார். இவர் ஒன்று முழுங்க, பக்கத்தில் நின்ற காளை ஒன்று முழுங்க, காளை கங்கையில் இறங்கி நடந்தது, இவர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அக்கரை போய்ச் சேர்ந்தார். அங்கே போய்ப் பார்த்தால் கையில் இருப்பது வால் இல்லை, ஸ்டேஷன் மாஸ்டரின் குடுமி. கல்யாணமான புதிதில் அந்த உருண்டை நெல்லிக்காய் அளவு. வடிவு பிறந்தபோது எலுமிச்சம்பழம். ரிட்டயரான அன்றைக்கு விளாம்பழம். போன மாசம் லிசம்மாவிடம் சொன்னபோது உரித்த தேங்காய். பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாக ஜங்ஷனிலேயே காலந்தள்ளிய மனுஷர் வேலையில் இருந்தவரை வடக்கே போன தூரம் விழுப்புரம், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு, அங்கேயும் பந்தி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார். அத்தனையும் தெரிந்துதான் அவள் ஒவ்வொரு தடவையும் "அப்புறம்?" என்று கேட்டு வந்திருக்கிறாள். இப்போதும் கேட்டாள்: "அப்புறம்? காளை எறங்கிச்சா?" "காளை..." என்று ஆரம்பித்தவர் கண்ணை மூடிக்கொண்டார். சோறு வேண்டாம் என்று அவர் சொன்னபோதுகூட ஆவுடையம்மாளுக்கு இவ்வளவு பயம் இல்லை. காளையை நட்டாற்றில் விட்டுவிட்டுத் தூங்குகிற ஆளா இவர்? ஒரு துண்டு. ஒரே ஒரு துண்டு கூடக் கொடுத்தால் காளை அக்கரை போய்ச் சேருமோ? கை டப்பா மூடியைத் திருகியது. திருகின கையை மற்றக் கை பிடித்தது. கிடையாது என்றால் கிடையாது. வேண்டுமானால் நாளைக்கு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு. இன்றைக்கு இது ஒன்றுதான். ஒத்தையாவா வைப்பாக. ஆமா அத்தை, ஒத்தையாத்தான் வைப்பேன், போங்க.

அடுப்பில் ரசம் சிறு தீயில் கிடந்தது, சோறு குக்கருக்குள் கிடந்தது, அவர் கேட்கிற நேரத்தில் தயாராக இருக்க வேண்டும் என்று காலையிலேயே வைத்துவிட்டாள். மைக்ரோவேவ் மேலே பச்சை எண்ணில் மணி எரிந்தது. அதைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள், பனி விழுந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு துகளும் அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டுக்கு முதல் நாளே வந்துவிட்ட சம்பந்தி மாதிரி, சுற்றிப் பார்த்து இறங்கியது. வெகுநேரம் அதையே பார்த்திருந்துவிட்டு மறுபடி மணியைப் பார்த்தாள், அதே மணி. இது என்ன கூத்து, கரண்ட் போய்விட்டதா? கரண்ட் இருக்கிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது. ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் இவ்வளவு விஸ்தாரமாக இருக்கும் என்று இதுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அடியில் ஒரு ஒத்து, மேலே ஒரு ஆலாபனை, நடுவில் பாட்டில்கள் ஒன்றோடு ஒன்று இடித்துத் தாளம். பாவம், இத்தனை நாளும் யாரும் கேட்காமலே வாசித்திருக்கிறது. நாக்கு ஏன் இப்படி உலர்கிறது? அட்டையைக் கடித்த மாதிரி. பிரஷர் மாத்திரை போட்டோமா? போட்டோம். போட்டோமா? போட்ட கையைப் பார்த்தாள், கை தூரத்தில் இருந்தது, அடுத்த வீட்டுக்காரி கை மாதிரி மடியில் கிடந்தது, விரல் ஒவ்வொன்றும் ஒரு கரண்டி, இத்தனை கரண்டியை வைத்துக்கொண்டா ஒரு வாய் ஊட்ட முடியவில்லை என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததே என்று பயம் வந்தது, பயம் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து தடதடவென்று அடித்தது. ஆளைப் படுக்கையில் வைத்துக்கொண்டு என்ன சிரிப்பு? செத்துத்தான் போகப் போகிறோமோ? அவருக்கு முன்னாலேயா? அப்படிப் போனால் இவருக்கு யார் ஊட்டுவார்கள், வடிவுக்கு ரசத்தில் மிளகு எவ்வளவு என்று தெரியாதே, தெரியாமல் மிளகாய்ப் பொடியைப் போடுவாளே, இவர் குடிக்கமாட்டாரே, வியாழக்கிழமை எடை, மிளகு, எடை, மிளகு, நினைப்பு செக்குமாடு மாதிரி அந்த ரெண்டையும் சுற்றிச் சுற்றி வந்தது. நிறுத்தினால் நின்றது, விட்டால் சுற்றியது. ஒற்றைத் துண்டுதான் கொடுத்தோம், மீதி மூன்றும் மடியில் இருக்கிறது, தின்றவர் தூங்குகிறார், தின்னாதவளுக்கு ஏன் ஃபிரிட்ஜ் பாடுகிறது?

தின்னாதவளுக்கு. அந்த வார்த்தையில் நினைப்பு முந்தானை முள்ளில் மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டது. காலையில் கத்தியில் நெய்யைத் தடவி மிட்டாயை வெட்டினாள். ரப்பர் மாதிரி வழுக்குகிற சாமான், நாலாக வெட்டினால் ஒரு துண்டு யானை, ஒரு துண்டு பூனை. தேங்காய் பர்பிக்கு வில்லை போட்டால் அளவெடுத்த மாதிரி விழுகிற கைக்கு அது பொறுக்குமா? பெரிய துண்டில் ஒரு சீவு சீவினாள். அது சிறுத்துப்போனது. அடுத்ததில் ஒரு சீவு. இது இப்போது பெரிதாகத் தெரிந்தது, இதிலும் ஒரு சீவு. கொறச்சு மதி, இனியும் கொறச்சு என்று லிசம்மாவைச் சொல்லிக்கொண்டே, பூனைகளுக்குக் குரங்கு அப்பம் பங்கு வைத்த கணக்காகச் சீவிச் சீவி, நாலும் ஒன்றுபோல வந்தபிறகுதான் கத்தியைக் கீழே வைத்தாள். சரி. குரங்கு சீவினதெல்லாம் எங்கே போனது? ஆவுடையம்மாளுக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. குரங்கு வாய்க்குள் போனது. பிய்ந்த தோசை அவளுக்கு, உடைந்த முறுக்கு அவளுக்கு, கருகின அப்பளம் அவளுக்கு, பிள்ளை மீதி வைத்த பருக்கை அவளுக்கு; கத்தியில் ஒட்டினது, விரலில் ஒட்டினது, பலகையில் உதிர்ந்தது எதுவும் வீணாகப் போகக்கூடாது என்று வாயில் போட்டுக்கொள்வது மூச்சு விடுகிற மாதிரி, அதை யார் கவனித்தார்கள்? நாலு துண்டிலும் சீவினதைத் திரட்டினால் ஒரு துண்டு தாராளமாக வரும். இன்னொரு துண்டு கிடையாது, கிடையாது என்று காலையிலிருந்து காவல் காத்தாளே, அந்த இன்னொரு துண்டு ஆரம்பத்திலேயே அவள் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, உள்ளிருந்தே வேடிக்கை பார்த்திருக்கிறது. ஒத்தையா வைக்கலை அத்தை, சந்தோஷமா? வந்த சிரிப்பைப் பல்லைக் கடித்து நிறுத்தினாள். மயக்கம் மயக்கமாக இருக்கட்டும், காரியம் காரியமாக இருக்கட்டும். எழுந்தாள், தரை பஞ்சு மாதிரி இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும், சுவரைப் பிடித்து நடந்தாள். முதலில் அடுப்பு. குமிழைத் திருகி அணைத்தாள், அணைந்ததா என்று பார்த்தாள், பார்த்தோமா என்று மறுபடி பார்த்தாள். டப்பாவை மேல்தட்டில் ஏற்றினாள். ஒரு செம்புத் தண்ணீரோடு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கையை உறுதியாக மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டாள்: "ஏங்க. முழிச்சுக்கோங்க. அந்த மிட்டாயை நானும் தின்னுட்டேன்."

பிள்ளை ஒரு கண்ணைத் திறந்தார். அவள் சீவல் விவகாரத்தை முதலிலிருந்து சொன்னாள், நடுவில் இரண்டு தடவை மறந்து மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மற்றக் கண்ணும் திறந்தது. கம்பளி குலுங்க ஆரம்பித்தது. இருமுகிறார் என்று பயந்தாள். இருமல் இல்லை, சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் கேட்டு ஒரு யுகம் ஆகியிருந்தது. "ஏ பாவி மட்டை! என்னைய நம்பாம டப்பாவை மடியில கட்டிக்கிட்டு உக்காந்துட்டு, கடைசியில நீயா காசிக்குப் போய்ட்டு வந்துட்டே?" "சிரிக்காதீங்க. நெஞ்சு படபடங்குது." சிரிப்பு நின்றது. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி, ஒரு மூச்சு நின்று, இன்னொரு மூச்சு நின்று, பூதலிங்கம் பிள்ளை எழுந்தே விட்டார். தொலைபேசியில் வடிவைப் பிடித்தார், வடிவு லிசம்மாவைப் பிடித்தாள், லிசம்மா கேட்டதை அவர் அப்படியே ஜங்ஷன் அறிவிப்பு மாதிரி திருப்பிக் கேட்டார்: "நெஞ்சு வலிக்கா? மூச்சு முட்டுதா? என்னைய யாருன்னு தெரியுதா?" வலி இல்லை, முட்டவில்லை, தெரியுது, பொய்யர் என்றாள். அப்போ பயம் இல்லை, அளவு சின்னதுதான், உட்கார்ந்து தண்ணி குடிக்கட்டும், ரெண்டு பேரும் அடுப்புப் பக்கம் போக வேண்டாம், தன்னால இறங்கும், வலியோ மூச்சுமுட்டலோ வந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க என்று லிசம்மா சொன்னாள். தெளிவாக ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும் என்று வடிவு ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டாள். பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், மாமியார் பிடித்த அதே இடம். "இப்ப என்ன செய்யுது?" "ஃபிரிட்ஜு பாடுது." அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். "ஆமாளா. தோடி."

நெஞ்சு மெல்ல இறங்கி வந்தது. இறங்கின இடத்தில் வேறொன்று ஏறியது. பசி. சாதாரணப் பசி இல்லை, கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பு மாதிரி திகுதிகுவென்று ஒரு பசி. "எனக்குப் பசிக்கு," என்றாள் ஆவுடையம்மாள், வெட்கத்தோடு. அவருக்குப் பசிக்க வேண்டிய நேரத்தில் தனக்குப் பசிக்கிறதே என்று. பிள்ளை சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து அடுக்களைக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர்ச் செம்பை எடுக்கக்கூட உள்ளே நுழையாத மனுஷர். அடுப்பைத் தொடாதீங்க என்றாள். "தொடலை, தொடலை." ஆறாத சோற்றைத் தட்டில் அள்ளி, ரசத்தை ஊற்றி, நெய் விட்டு, அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்; ஒரு கரண்டி சோறு. பார்த்தார். திரும்பிப் போய் இன்னொரு கரண்டி கொண்டுவந்து போட்டார். "ஒத்தையா வைக்கக் கூடாதாம்லா?" அவள் பிசைந்து வாயில் வைத்தாள், மிளகு, சீரகம், புளி, ஒவ்வொன்றும் தனித்தனியாக நாக்கில் வந்து பேர் சொல்லிவிட்டுப் போனது. "உப்புச் சரியா இருக்கா?" என்று கேட்டார். வாய் நிறையச் சோறு. "இரு, நானே பாக்கேன்." அடுக்களையில் கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் கேட்டது. உறிஞ்சுகிற சத்தம். ஓங்கரிப்புச் சத்தத்துக்காக அவள் காது காத்திருந்தது, வரவில்லை. மறுபடி கரண்டி. பிறகு குக்கர் மூடி நகர்கிற சத்தம், சோறு தட்டில் விழுகிற மெத்தென்ற சத்தம். ஆவுடையம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கண்ணு பட்டுவிடும், எண்ணினால் நின்றுவிடும். பார்க்கமாட்டேன் என்று தட்டையே முறைத்துக்கொண்டு, கழுத்தை விறைத்துக்கொண்டு இருந்தாள். "காளை எறங்கிச்சுல்லா," என்று நிறைந்த வாயோடு அங்கிருந்து குரல் வந்தது, "முக்காத் தூரம் போனப்புறம் அதுக்குப் பசி எடுத்துட்டு. ஏளா, உப்பு ஒரு கல்லு கூடுதலோ?"

"எனக்கு நாக்கு மரத்துக் கெடக்கு, தெரியலையே," என்றாள் ஆவுடையம்மாள், தட்டைப் பார்த்தபடியே. "இன்னொரு கரண்டி பாத்துச் சொல்லுங்க."